தோல் நகரங்களும் மூலிகை நானோ மருந்தும்: ஒரு மதிப்பீடு

மூலிகைச் சத்துகளை நானோ அளவுத் துகள்களில் ஏற்றிச் சரும நோய்களுக்குப் பூசுமருந்து செய்யலாம் என்ற கருத்து, கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வகங்களில் வேரூன்றியுள்ளது. மஞ்சள், வேம்பு, ஆவாரை, சோற்றுக்கற்றாழை, குப்பைமேனி என வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் செடிகள் பலவும் இந்த ஆய்வுகளில் இடம்பெற்றுள்ளன. சரும நோய் தொழிலோடு ஒட்டியே வரும் வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் இத்தகைய மருந்தின் வாக்குறுதிக்குக் கூடுதல் கவர்ச்சி உண்டு. அந்த வாக்குறுதியில் எது உறுதியானது, எது இன்னும் மெய்ப்பிக்கப்படாதது, டேனரித் தொழிலாளியின் கைக்கு உண்மையில் எது தேவை என்பவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

தமிழில் 'தோல்' என்ற ஒரே சொல் லாரியில் வந்து இறங்கும் சரக்கையும் குறிக்கும், அதைக் கையாள்பவரின் உடம்பைப் போர்த்தியிருப்பதையும் குறிக்கும். குழப்பம் நேராமலிருக்க, இங்கு விலங்கினுடையது தோல் என்றும் மனிதருடையது சருமம் என்றும் வழங்கப்படுகின்றன.

தோல் வட்டாரமும் சரும நோயும்

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் இந்த வட்டாரம் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. முன்பு இங்கு தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் முதன்மையாகப் பயன்பட்டன. 1970களில் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதன் பின் குரோம் முறை வேகமாகப் பரவியது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோம் உப்பில் ஓரிரு நாளில் பதப்பட்டு, நீலம் பாய்ந்த 'வெட் புளூ' ஆகிவிடும்.

பதனிடும் ஒவ்வொரு கட்டமும் சருமத்தை ஒவ்வொரு விதத்தில் தாக்குகிறது. உப்பிட்ட தோலை ஊறவைக்கும் இடத்தில் கையும் காலும் நாள் முழுவதும் ஈரத்தில் இருக்கும். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் விலங்கின் முடியைக் கரைக்கும் வேதிப்பொருள்கள். மனிதச் சருமத்தின் மேலடுக்கையும் அவை விட்டுவைப்பதில்லை. அடுத்து அமிலம், அதற்கடுத்து குரோமியம் சல்பேட்டு, பிறகு சாயமும் கரைப்பான்களும். காலணித் தொழிற்சாலைகளில் பசைகளில் உள்ள பிசின்கள் தனியொரு ஒவ்வாமைக் காரணம்.

இவற்றால் வரும் நோய்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, எரிச்சல் வகைச் சரும அழற்சி. காரமும் அமிலமும் நேரடியாகச் சருமத்தைச் சிதைப்பதால் வருவது இது. இரண்டாவது, ஒவ்வாமை வகைச் சரும அழற்சி. ஒரு பொருளை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் வைத்துக்கொண்டு, பின்னர் அதன் சிறு அளவு பட்டாலும் கொப்புளமும் வெடிப்புமாக எதிர்வினை காட்டும். இந்த அடையாளம் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழிவதில்லை. மூன்றாவது, ஈரத்தில் ஊறிய கால்விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் பற்றும் பூஞ்சை, பாக்டீரியத் தொற்றுகள். ஊர்ப் பேச்சில் மூன்றுக்கும் சொறி, அரிப்பு, படை என்ற ஒரே சில பெயர்கள்தாம். மருந்துக் கடையிலும் பல நேரம் மூன்றுக்கும் ஒரே களிம்புதான் கிடைக்கிறது.

குரோமியத்தின் வேதியியல் இங்கு முக்கியமானது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறக் குரோமியம். இது சருமத்தை எளிதில் கடப்பதில்லை. ஆறு இணைதிறக் குரோமியமோ சுலபமாகக் கடந்து, உள்ளே மூன்று இணைதிற நிலைக்கு மாறி, சருமப் புரதங்களோடு பிணைந்து ஒவ்வாமையைத் தூண்டுகிறது. முடித்த தோலிலும் வெப்பம், ஒளி, காரத்தன்மை ஆகியவற்றால் ஒரு பகுதி குரோமியம் ஆறு இணைதிற நிலைக்கு மாறக்கூடும். இராணிப்பேட்டையில் குரோமேட்டு தயாரித்து மூடப்பட்ட ஓர் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றதற்கு அதுவே பின்னணி.

சித்த மரபில் சரும மருந்துகள்

சித்த மருத்துவம் சரும நோய்களை விரிவாகவே வகைப்படுத்தியுள்ளது. கரப்பான், படை, சிரங்கு, காளாஞ்சகப்படை எனப் பெயர்கள் பல. குட்டம் 18 வகை என்பது நூல் வழக்கு. சொறி சிரங்குக்குக் குப்பைமேனி, படர்தாமரைக்குச் சீமை அகத்தி, காளாஞ்சகப்படைக்கு வெட்பாலைத் தைலம், புண்ணுக்குப் புங்க எண்ணெய் என்று இன்றும் பயன்படுத்தப்படும் மருந்துகள் இருக்கின்றன. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு, எண்ணெய் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறும்வரை வெயிலில் வைக்கும் முறை, எண்ணெயில் கரையும் சத்தை எண்ணெயாலேயே பிரித்தெடுக்கும் எளிய நுட்பம்.

இந்த மரபுக்கும் தோல் தொழிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஆவாரம்பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் விலங்குத் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காத்தது. ஆவாரம்பூ சருமத்துக்கு நல்லது என்று பொடியாகவும் குளியல் பொருளாகவும் வீடுகளில் பயன்பட்டது. கடுக்காயும் அப்படியே: டேனரியில் பதனிடும் சரக்கு, வைத்தியர் வீட்டில் மருந்து. செடியின் துவர்ப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற அனுபவ அறிவு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

நானோ தொழில்நுட்பம் எதைச் சேர்க்கிறது

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளவை நானோ துகள்கள் எனப்படும். மருந்தியலில் சில நூறு நானோமீட்டர் வரையுள்ளவையும் இப்பெயரில் வழங்குகின்றன. சருமத்தின் மேலடுக்கு, காய்ந்த செல்களும் கொழுப்பும் செங்கல்லும் சாந்தும்போல் அடுக்கப்பட்ட மெல்லிய சுவர். அதன் தடிமன் உடலின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். உள்ளங்கையிலும் பாதத்திலும் அதைவிடப் பல மடங்கு. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேற்பட்டவை இந்தச் சுவரை எளிதில் கடப்பதில்லை என்பது 2000இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த, பரவலாக ஏற்கப்பட்ட விதி.

மூலிகைச் சத்துகள் பலவற்றின் குறை, அவை நீரில் கரையாமையும் விரைவில் சிதைதலும் ஆகும். மஞ்சளின் குர்குமினுக்கு மூலக்கூறு எடை ஏறத்தாழ 368 டால்டன். அளவு தடையல்ல, கரையாமைதான் தடை. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்த லைப்போசோம் எனும் கொழுப்புக் குமிழ்கள், பின்னர் வந்த திடக் கொழுப்பு நானோ துகள்கள், நானோ பால்மங்கள் ஆகியவை இந்தத் தடையைத் தாண்ட உதவுகின்றன. சத்தைப் பொதிந்து காக்கின்றன, மெதுவாக வெளியிடுகின்றன, மயிர்க்கால்களில் தங்கிச் சேமிப்புக் கிடங்குபோல் வேலை செய்கின்றன. இந்த அளவில் அறிவியல் உறுதியானதே.

ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள்

'மூலிகை நானோ மருந்து' என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது, மேற்கண்டவாறு மூலிகைச் சத்தைச் சுமக்கும் துகள். இரண்டாவது, மூலிகைச் சாற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் உலோகத் துகள். இரண்டாவதற்குப் 'பசுமைத் தயாரிப்பு' என்று பெயர். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்த்தால், சாற்றிலுள்ள பாலிபீனால்கள் வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக ஒடுக்கும். நிறமற்ற கரைசல் மஞ்சள் கலந்த பழுப்பாகும். செலவு குறைவு, செய்வதும் எளிது. ஆவாரை உட்பட நூற்றுக்கணக்கான செடிகளைக் கொண்டு இது செய்யப்பட்டுவிட்டது.

இங்கு கவனிக்க வேண்டியது, செடியின் பங்கு என்ன என்பது. வெள்ளியை ஒடுக்கும் வேலையில் செடியின் சத்து தானே ஆக்சிசனேற்றம் அடைகிறது. பிறகு கிருமியைக் கொல்வது பெரும்பாலும் துகளிலிருந்து வெளிவரும் வெள்ளி அயனி. வெள்ளி கிருமி கொல்லும் என்பது பழைய செய்தி. நானோ வெள்ளி பூசிய காயக் கட்டுகள் 1990களின் இறுதியிலிருந்து தீப்புண்ணுக்குப் பயன்பட்டு வருகின்றன. எனவே 'ஆவாரை நானோ வெள்ளி' பாக்டீரியத்தைக் கொன்றது என்ற முடிவு, ஆவாரையின் மருத்துவக் குணத்துக்குச் சான்றாகாது. அந்தச் சமையலில் ஆவாரை அடுப்பு, வெள்ளிதான் பண்டம். சாறு சேர்க்காமல் வேறு முறையில் செய்த அதே அளவு வெள்ளித் துகளையும், வெள்ளி சேர்க்காத சாற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மட்டுமே செடிக்கு உரிய பங்கைச் சொல்ல முடியும்.

சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும் 'பழங்கால நானோ தொழில்நுட்பம்' என்ற கூற்றும் இதே வகைக் குழப்பம். சில பற்பங்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நானோ அளவுத் துகள்கள் தெரிந்தன என்பது உண்மை. ஆனால் துகள் சிறியது என்பது மருந்து பயனுள்ளது என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ சான்றல்ல. பாதரசம், பாடாணம் போன்றவை கலந்த மருந்துகளில் சிறிய துகள் என்றால் கூடுதல் கவனம் தேவை என்றே பொருள்.

ஆய்வுத் தட்டும் மனிதக் கையும்

இத்துறை ஆய்வுகளில் மிகுதியும் ஆய்வுத் தட்டோடு நின்றுவிடுகின்றன. கிருமி வளர்த்த தட்டில் மருந்துத் தாளை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பது வழக்கம். இது முதற்கட்டச் சோதனைதான். தட்டில் வியர்வை இல்லை, மேலடுக்குச் சுவர் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலமும் இல்லை. ஆம்பூர்த் தொழிலாளியின் கையில் இருப்பது குரோமிய ஒவ்வாமை என்றால், அங்கே கொல்ல வேண்டிய கிருமியே முதற்காரணமாக இல்லை.

தரப்படுத்தலும் இன்னொரு குறை. ஒரே செடியின் சத்து மண், பருவம், பறித்த நேரம், உலர்த்திய முறை என்று மாறிக்கொண்டே இருக்கும். அடையாளச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல் 'இலைச்சாறு 10 மில்லி' என்று மட்டும் எழுதிய ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

கடையில் கிடைக்கும் களிம்பு உடனே குணம் தந்தது என்பதும் சான்றல்ல. லண்டனில் நோயாளிகள் வாங்கிப் பயன்படுத்திய 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது, 8இல் டெக்சாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு இருந்தது என்று 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமே வாங்கிப் பூசுவதால் நோய் அமுங்கிப் பரவுவது இந்தியச் சரும மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கும் சிக்கலும் ஆகும்.

உள்ளே செலுத்துவதா, வராமல் தடுப்பதா

மையமான கேள்வி இங்கேதான் வருகிறது. நானோ ஊர்தியின் பெருமையே சருமச் சுவரைத் தாண்டி உள்ளே கொண்டுபோவது. டேனரித் தொழிலாளியின் நோயோ அந்தச் சுவர் இடிந்துபோனதால் வருவது. சுண்ணாம்பும் சல்பைடும் அரித்த கையில் எதுவும் உள்ளே போகாமலிருப்பது பிரச்சினையல்ல. எல்லாம் உள்ளே போவதுதான் பிரச்சினை. வெடித்த கையில் துகள்கள் எவ்வளவு ஆழம் போகும், எங்கே தங்கும் என்பது நலமான சருமத்தில் செய்த சோதனையிலிருந்து தெரியவராது.

மூலிகையும் ஒவ்வாமை தரும். மஞ்சள், வேம்பு, தேயிலை மர எண்ணெய் ஆகியவற்றால் சரும அழற்சி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஏற்கெனவே ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்ட, சுவர் இடிந்த சருமத்தில் பல சேர்மங்கள் கலந்த சாற்றைத் திறமையாக உள்ளே செலுத்தினால், இரண்டாவது ஒவ்வாமைக்கு வாசல் திறக்கக்கூடும். இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கை இங்கு உதவாது. எந்தப் பொருளால் ஒவ்வாமை என்று முதுகில் சிறு அளவில் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனைதான் சிகிச்சையின் முதற்படியாக இருக்க முடியும்.

வேலூரின் சொந்தப் பாடம்

இதே வட்டாரம் ஒரு மூலிகைச் சரும மருந்தின் முழு வரலாற்றையும் கண்டிருக்கிறது. நீரடிமுத்து எண்ணெய் தொழுநோய்க்கு நெடுங்காலம் பயன்பட்ட மருந்து. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் உறிஞ்சப்படாமல் கட்டியாகும். அக்குடும்பத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயை உடல் உறிஞ்சக்கூடிய எத்தில் எஸ்டராக மாற்றும் வழியை 1915–16இல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் கண்டார். மூலிகைச் சத்தை உடலுக்குள் செலுத்தும் நுட்பம் என்ற வகையில் அது இன்றைய நானோ முயற்சிகளுக்கு முன்னோடி. இருந்தும் 1940களில் சல்போன் மருந்துகள் வந்ததும், ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள் அந்த எண்ணெயைக் கைவிட்டனர். செலுத்தும் முறை எவ்வளவு சிறந்தாலும், செலுத்தப்படும் பொருள் போதுமானதா என்பதே கடைசிக் கேள்வி என்று அந்த வரலாறு காட்டுகிறது.

அதே நோயில் இன்னொரு பாடமும் வேலூரிலேயே கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்கு முதன்மைக் காரணம் உணர்விழந்த பாதம் அறியாமல் படும் காயமும் அழுத்தமும் என்று காட்டினார். 1955இல் நிறுவப்பட்ட கரிகிரி ஆய்வு மையத்தின் பணியும் இதைத் தொடர்ந்தது. புண்ணுக்கு ஓய்வு, பாதத்துக்கு மென்மையான நுண்துளை ரப்பர் அடிகொண்ட செருப்பு என்று சிகிச்சை மாறியது. எந்தக் களிம்பும் செய்யாததை, காயம் படாமல் காத்தது செய்தது.

தொழில்வழிச் சரும நோயில் இதற்கு இணையான சான்று டென்மார்க்கில் உள்ளது. சிமெண்டில் உள்ள ஆறு இணைதிறக் குரோமியத்தால் கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒவ்வாமை வந்தது. 1980களின் தொடக்கத்தில் அங்கு சிமெண்டில் இரும்பு சல்பேட்டைக் கலந்து அதை மூன்று இணைதிற நிலைக்கு ஒடுக்கினர். 1983இல் அது சட்டமானது. அதன் பின் கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது.

பின்னர் டென்மார்க்கில் குரோமிய ஒவ்வாமைக்குத் தோல் பொருள்களே முதன்மைக் காரணமாயின. அந்நாட்டின் முன்மொழிவின்பேரில், சருமத்தில் படும் தோல் பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே ஆறு இணைதிறக் குரோமியம் இருக்க வேண்டும் என்ற விதி 2015 மே மாதம் முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்தது. ஆம்பூரிலிருந்து போகும் காலணிக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த எண் அணிபவரின் காலைக் காக்க எழுந்தது. அதைச் செய்தவரின் கையைக் கணக்கில் எடுத்து எழுதப்பட்டதன்று.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதையும், சுமார் 35,000 எக்டர் நிலம் பாழானதையும் அது எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பதோடு, தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் செய்பவருடையது என்றும் வகுத்தது.

இந்த இரண்டாவது கோட்பாட்டை மருந்துக்கும் பொருத்திப் பார்ப்பது தகும். புதிய பொருளைக் கொண்டுவருபவரே அது பாதுகாப்பானது, பயனுள்ளது என்று காட்ட வேண்டும். தீங்கு நேர்ந்த பின் தொழிலாளி நிரூபிக்கட்டும் என்று விடக்கூடாது. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்டது. சித்த, ஆயுர்வேத மருந்துகளின் உரிமத்துக்கு என்ன சான்று தேவை என்பதை 2010இல் சேர்க்கப்பட்ட 158பி விதி சொல்கிறது. மரபு நூலில் உள்ள மருந்துக்கு நெடுங்காலப் பயன்பாடே சான்றாக ஏற்கப்படுகிறது. அதே மூலிகையை நானோ துகளாக்கும்போது அதன் அளவும், உடலில் அதன் போக்கும் மாறிவிடுகின்றன. பாட்டன் காலத்துப் பயன்பாட்டை அப்போது சான்றாகக் காட்ட முடியாது. புதியது என்று காப்புரிமையும், பழையது என்று விலக்கும் ஒரே நேரத்தில் கேட்பது முரண்.

களிம்பைச் சார்ந்திருப்பதில் இன்னோர் இழப்பும் உண்டு. குரோம் புண்ணையும் தொழில்வழிச் சரும அழற்சியையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. பார்த்த மருத்துவர் தெரிவிக்க வேண்டும். தொழிலாளி தானே வாங்கிப் பூசிக்கொள்ளும்போது நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவில்லாத நோய்க்கு இழப்பீடும் இல்லை, எந்தப் பிரிவில் கையுறையும் காற்றோட்டமும் குறைவு என்ற கணக்கும் இல்லை.

பயன் தரக்கூடிய இடங்கள்

இத்துறையை ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. தொற்றுகளில் அதற்கு உண்மையான இடம் இருக்கிறது. டெர்பினாஃபின் மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படாத ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. இந்தியாவில் பரவலாக உள்ள படர்தாமரைக்கு அது காரணம். இங்கு சீமை அகத்திச் சத்தைத் தரப்படுத்தி, நானோ ஊர்தியில் ஏற்றி, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதிப்பது பயனுள்ள முயற்சி. காளாஞ்சகப்படையில் தடித்த செதிலைத் தாண்ட வேண்டியிருப்பதால், வெட்பாலை போன்றவற்றை ஊர்தியில் ஏற்றுவதற்கும் காரணம் உண்டு.

குரோமியத்தைப் பொறுத்தவரை, செடிகள் உதவக்கூடிய சிறந்த இடம் கையல்ல, தோலைச் சுழற்றும் டிரம். தாவரத் துவர்ப்புப் பொருள்கள் ஆறு இணைதிறக் குரோமியத்தை மூன்று இணைதிற நிலைக்கு ஒடுக்கவல்லவை. குரோமில் பதனிட்ட தோலை மறுபதனிடும்போது அவற்றைச் சேர்த்தால், முடித்த தோலில் ஆறு இணைதிறக் குரோமியம் உருவாவது குறைகிறது. வெள்ளியை ஒடுக்கும் அதே பாலிபீனால் வேதியியல்தான் இது. ஆய்வுத் தட்டில் வெள்ளித் துகள் செய்யப் பயன்படும் ஆவாரைச் சாற்றை, அதன் பழைய இடமான டேனரியிலேயே மீண்டும் சோதிக்கலாம்.

இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர் முதலில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நல்லது. நோய் எரிச்சலா, ஒவ்வாமையா, தொற்றா? வேலை செய்வது செடியா, உலோகமா? சோதனை நலமான சருமத்திலா, வெடித்த சருமத்திலா? ஒப்பிடப்பட்ட மருந்து எது? நான்கில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அந்த ஆய்வின் முடிவை டேனரித் தொழிலாளிக்கான மருந்தாகச் சொல்ல முடியாது. அதுவரை, காரணப் பொருளைக் கண்டறிதல், பொருத்தமான கையுறை, வேலை முடிந்ததும் கழுவ நல்ல தண்ணீர், நோயைப் பதிவு செய்தல் என்ற பழைய நான்கும்தான் அந்தக் கைக்குக் கிடைக்கும் உறுதியான சிகிச்சை.